பெரியவரின் புது மூக்கு

பாலம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

கோகிலவாணி லாரியிலிருந்து குதித்து, இடுப்பில் கைகளை ஊன்றிக்கொண்டு அதை முறைத்துப் பார்த்தாள். அவள் முறைத்தால் திருச்செங்கோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு நல்ல சரக்கை எடுத்து வைப்பார்கள். ஆறு அசைந்து கொடுக்கவில்லை. செம்மண் கரைத்த தண்ணீர், கரையோரத்து மூங்கில் புதர்களைத் தலையாட்ட வைத்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மழை பிடிப்பதற்கு முன்னால் அவள் தம்பி அர்த்தநாரி இதே தரைப்பாலத்தின் மேல் போர்வெல் வண்டியை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போயிருந்தான். ஒடிசாவின் மலைக்காட்டுக்குள் இருக்கும் ஊருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் வேலை. திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் அக்கம்பக்கத்துக்குப் போய் வருவது போலத்தான். அர்த்தநாரி துளை போடுவான், கோகிலா இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓட வைப்பாள். நாலைந்து நாளாக அவன் போனில் கிடைக்கவில்லை. கோகிலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து மாவட்டத்தில் நின்ற பைப்பு லாரியையும் டிரைவர் செங்கோடனையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த லாரிக்கு அவர்கள் வைத்திருந்த பேர் பெரியவர். கோகிலா பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அது பழைய லாரி. இத்தனை வயசுக்கு மேல் 'அது இது' என்று பேசக்கூடாது என்பது செங்கோடன் போட்ட சட்டம்.

இருவரும் கரையில் நின்றபோது, கீழ்ப்பக்கத்திலிருந்து ஒருவன் லாரி டியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடி வந்தான். வண்டியின் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா, நீங்க அர்த்தநாரி அண்ணனோட அக்காவா? நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில நாலு வருசம் இருந்தேன். அக்கரை ஊருதான். பேரு துரியோதன்."

"பேரைப் பாருங்கம்மணி," என்று செங்கோடன் முணுமுணுத்தான். ஒடிசாவில் அது சாதாரணப் பெயர் என்பது அவனுக்குத் தெரியாது.

"அர்த்தநாரிக்கு என்னாச்சு?" என்றாள் கோகிலா.

"இரும்பு ராடு உருண்டு கால்மேல விழுந்திருச்சு, அக்கா. எலும்பு போச்சு. நேத்துலேர்ந்து காய்ச்சல் நெறைய. கால் கருத்துட்டு வருது. ஆஸ்பத்திரி இந்தப் பக்கம்தான் இருக்கு. ஆள் கூட்டிட்டு வரலாம்னு நான் கெளம்பினேன். பாதி ஆத்துல தண்ணி தள்ளிருச்சு. டியூப் இருந்ததால பொழைச்சேன்."

அர்த்தநாரிக்கு ஐந்து வயதில் கட்டைவிரலில் முள் குத்தியதற்கே ஊரைக் கூட்டியவள் அவள். அழுவதற்கு நேரமில்லை என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டாள்.

"நடுவுல தண்ணி எவ்வளவு?"

"நெஞ்சு வரைக்கும். அடியில சிமென்ட்டு அப்படியே இருக்கு. கால்ல பட்டுச்சு."

கோகிலா துரியோதனின் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு லாரியைப் பார்த்தாள். பெரியவர் மூச்சு இழுக்கும் வாய், பானெட்டுக்குள் சக்கரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. பேட்டரி பெட்டியோ சேஸிஸில் அதற்கும் கீழே தொங்கியது. இரண்டும் துரியோதனின் நெஞ்சுக்குக் கீழேதான்.

"ஆழந்தெரியாம காலை விடக்கூடாதுங்கம்மணி," என்றான் செங்கோடன்.

"ஆழந்தான் தெரிஞ்சிருச்சே, செங்கோடண்ணா. மூக்கையும் பேட்டரியையும் மேல தூக்கிட்டா பெரியவர் நடந்தே போயிருவாரு."

"மூக்கைத் தூக்கலாம். பேட்டரி எதுக்குங்க? பழைய டீசல் வண்டி. ஒருக்கா ஸ்டார்ட் ஆயிட்டா பேட்டரியைக் கழட்டி வீசினாலும் ஓடும்."

"நடு ஆத்துல நின்னு போச்சுன்னா?"

செங்கோடன் ஸ்பானர் பெட்டியை எடுக்கப் போனான். மேற்கே மலைமேல் மேகம் மறுபடியும் கூடிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு பாட்டம் கொட்டினால் இந்த ஆற்றை யானையும் கடக்க முடியாது.

வேலை பறந்தது. லாரி நிறையப் பைப்பு இருக்கும்போது மூக்குக்குப் பஞ்சமா? கை நுழையும் அளவுக்குப் பிளாஸ்டிக் பைப்பு ஒன்றை எடுத்தாள் கோகிலா. அதற்குள் ஆற்று மணலை அடைத்து, துரியோதன் மூட்டிய நெருப்பின் மேல் காட்டி, இளகியதும் வளைத்தாள். மணல் இருந்ததால் பைப்பு நசுங்காமல் வளைந்து கொடுத்தது. மணலைக் கொட்டிக் கழுவித் துடைத்து, ஒரு முனையை ஏர் ஃபில்டரின் வாயில் பொருத்தினாள். இணைப்பின் மேல் பழைய டியூப் ரப்பரைச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கட்டி கிளாம்ப் போட்டு இறுக்கினாள். பானெட்டின் பக்கவாட்டில் வெளியே வந்த பைப்பு, கேபினின் இடது ஓரமாக நிமிர்ந்து, கூரைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது.

பேட்டரிகள் இரண்டும் கனத்த கனம். செங்கோடன் அவற்றைக் கேபினுக்குள் தூக்கி, தான் படுத்துத் தூங்கும் பலகை மேல் ரப்பர் விரிப்புப் போட்டு வைத்துக் கயிற்றால் கட்டினான்.

"இனி நான் எங்கீங்க படுக்கறது?"

"அர்த்தநாரி பொழைக்கட்டும். நம்ம வீட்டுக் கட்டில்லயே படுங்க."

பழைய ஒயர் அங்கிருந்து எட்டவில்லை. கோகிலா லாரியில் இருந்த வெல்டிங் மெஷினின் தடித்த கேபிளில் ஒரு துண்டை வெட்டி, முனைகளை இறுக்கி, இரண்டு பக்கமும் இணைத்தாள். சைலன்சர் முனையிலும் வளைந்த இரும்புக் குழாய் ஒன்றைப் பற்றவைத்து மேலே திருப்பினாள். பாரம் குறையட்டும் என்று செங்கோடன் இரும்பு ராடுகளை இறக்கப் போனபோது அவள் தடுத்தாள். பாரம் இருந்தால்தான் ஆறு வண்டியைத் தள்ளாது. இதற்குள் துரியோதன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, இந்தப் பக்கத்துப் பாதிப் பாலத்தையும் மூங்கிலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான். பாலம் முழுசாக இருந்தது.

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு கோகிலா கூரைமேல் ஏறினாள். இன்ஜின் உறுமியதும் பைப்பின் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். உறுமல் தணிந்தது, கரும்புகை வந்தது, வண்டி இரண்டு தரம் குலுங்கி மூச்சடைத்து நின்றது.

துரியோதன் பதறினான். "ஐயோ, கெட்டுப் போச்சா?"

"நல்லா இருக்கு. வேற எங்கயாச்சும் ஓட்டை இருந்தா அது வழியா மூச்சு இழுத்து ஓடியிருக்கும். நின்னுச்சுன்னா காத்துக்கு இது ஒண்ணுதான் வழின்னு அர்த்தம்."

அவளுக்குத் தன் கைவேலை மேல் தாங்க முடியாத பெருமை வந்தது. அவர்கள் தொழிலில் புதுச் சாமான் எதுவானாலும் பூஜை போடாமல் வேலைக்கு இறக்குவதில்லை. துளை போடும் இடத்தில் வைப்பதற்காகக் காலையில் டவுனில் வாங்கிய தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், தடித்த சாமந்தி மாலை எல்லாம் கேபினில் இருந்தன. செங்கோடன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சை வைத்தான். கோகிலா கூரைமேல் ஏறி, சந்தனம் குங்குமம் வைத்து, புது மூக்கின் கழுத்தில் மாலையை இரண்டு சுற்றாகச் சாத்தினாள். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

ஃபேன் தண்ணீரை வாரி இறைக்காமலிருக்க அதன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, முதல் கியரில் பெரியவரை ஆற்றில் இறக்கினார்கள். துரியோதன் படிக்கட்டில் நின்று மூங்கிலால் பாலத்தின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு, "ரைட்டு, ரைட்டு, கொஞ்சம் லெப்ட்டு" என்று வழி சொன்னான். தண்ணீர் சக்கரத்தை மூடியது. பம்பரை மூடியது. பேட்டரிப் பெட்டி இருந்த இடம் முழுகியது. கேபினின் தரை விரிசல்களில் செந்நீர் கொப்பளித்தது. செங்கோடன் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, திருச்செங்கோட்டு மலை மேலிருக்கும் அர்த்தநாரீஸ்வரரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். காலை மட்டும் ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கவில்லை.

நடு ஆற்றைத் தாண்டியாகிவிட்டது. துரியோதன் சிரித்துக்கொண்டே திரும்பினான். அப்போதுதான் இன்ஜின் சத்தம் மாறியது. உறுமல் தணிந்தது. கரும்புகை கிளம்பியது. வண்டி இரண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது.

ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. தண்ணீர் பக்கவாட்டில் மோத, பாரம் ஏற்றிய லாரி மெல்ல நடுங்கியது.

"தண்ணி குடிச்சிருச்சுங்கம்மணி," என்றபடி செங்கோடன் சாவியை நோக்கிக் கையைக் கொண்டுபோனான்.

கோகிலா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடாதீங்க. உள்ள தண்ணி இருந்து சுத்துனா பிஸ்டன் ராடு வளைஞ்சு இன்ஜினே போயிரும்."

அக்கரை அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அங்கே மண் குடிசை ஒன்றின் முன்னால் ஆட்கள் கூடி நிற்பதும் தெரிந்தது. அதற்குள்தான் தம்பி படுத்திருப்பான். கண்ணை மூடி, வண்டி நின்ற சத்தத்தை மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். தண்ணீர் குடித்த இன்ஜின் சுத்தியலால் அடித்தது போல் டக்கென்று நிற்கும். இது தணிந்து, புகைந்து, குலுங்கி நின்றது. இந்தச் சத்தத்தை எங்கே கேட்டாள்? இன்றைக்கு மத்தியானம், இந்தக் கைக்கு அடியிலேயே!

"தண்ணியில்ல. மூச்சடைச்சிருக்கு."

ஜன்னல் வழியாக வெளியேறிக் கூரைமேல் தவழ்ந்தாள். பைப்பின் கழுத்தில் மாலை இல்லை. தெறித்த தண்ணீரில் நனைந்து கனத்து வாய்க்குள் சரிந்ததை, பெரியவர் அப்படியே உறிஞ்சி விழுங்கியிருந்தார். நாரின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. இழுத்தாள். அறுந்து கையோடு வந்தது.

கோகிலா தன்னை ஒரு கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டாள். வாட்ச்சைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, பைப்புக்குள் கையைத் தோள்வரை விட்டாள். பிளாஸ்டிக் விளிம்பு அக்குளைச் சீவியது. விரல் நுனியில் சில்லென்று பூ பட்டது. மெதுவாக, பிள்ளையின் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளை எடுப்பது போல, இரண்டு விரலால் நிமிண்டி நிமிண்டி மேலே கொண்டுவந்தாள். கசங்கிய மாலை மொத்தமும் கையோடு வந்தது. உதிர்ந்த இதழ்களை ஏர் ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். பைப்பின் வாயில் காதை வைத்தாள். தண்ணீர் சலசலக்கும் சத்தம் உள்ளே இல்லை.

"இப்ப சாவியைப் போடுங்கண்ணா!"

சேஸிஸில் பேட்டரி இருந்திருந்தால் இந்நேரம் அது மீன்களுக்குத்தான் பயன்பட்டிருக்கும். பலகைமேல் உலர்ந்து உட்கார்ந்திருந்த இரண்டும் வெல்டிங் கேபிள் வழியாகத் தங்கள் பலத்தையெல்லாம் அனுப்பின. ஸ்டார்ட்டர் மோட்டார் தண்ணீருக்குள் முனகியது. ஒரு தரம், இன்னொரு தரம், மூன்றாம் தரம் பெரியவர் பெரிதாக இருமி, மூச்சை இழுத்து, உறுமினார். செங்கோடன் ஓவென்று அழுதுகொண்டே கியரைப் போட்டான்.

குடிசைக்குள் அர்த்தநாரி கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. கால் வீங்கிக் கருத்திருந்தது. கோகிலா வாசலில் நின்ற கோலத்தை அவன் மேலும் கீழும் பார்த்தான். அவள் கையில் இன்னும் அந்த மாலை தொங்கிக்கொண்டிருந்தது. எறிய அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஏக்கா," என்றான் ஈனக்குரலில், "மாலையோடவே வந்துட்டியா? நான் இன்னும் போகலியே."

அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதே கையால் அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அழுதாள்.

மலைமேல் மழை இறங்குவதற்குள் திரும்ப வேண்டியிருந்தது. போர்வெல் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, ஊர்க்காரர்கள் அர்த்தநாரியைக் கட்டிலோடு தூக்கி லாரியின் ராடுகளுக்கு மேல் வைத்துக் கட்டினார்கள். துரியோதன் அவன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டான். இந்த முறை புது மூக்கில் ஒரு பொட்டு மட்டும் இருந்தது. பெரியவர் ஒரு தும்மல்கூடப் போடாமல் ஆற்றைக் கடந்தார். டவுன் ஆஸ்பத்திரி டாக்டர், இன்னும் ஒரு நாள் போயிருந்தால் முழங்காலோடு எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். கோகிலா அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, லாரியின் பானெட்டைச் சற்று நேரம் தடவிக்கொண்டு நின்றாள்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் திருச்செங்கோட்டில் இருந்தார்கள். பிளாஸ்டிக் மூக்கை எடுத்துவிட்டு, மேலே மூடி போட்ட இரும்பு மூக்கைக் கோகிலா பொருத்தியிருந்தாள். பேட்டரிகள் பலகையிலேயே தங்கிவிட்டன. செங்கோடனுக்குப் புதுக் கட்டிலும் வந்துவிட்டது. அவன் பெரியவரின் நெற்றிக்கும் ஸ்டியரிங்குக்கும் மாலை போட்டுவிட்டு, மிச்சமிருந்த ஒரு மாலையோடு புது மூக்கை ஏக்கமாகப் பார்த்தான்.

"மூச்சு விடற எடத்துல மரியாதை வேண்டாங்கண்ணா," என்றாள் கோகிலா. "எவ்வளவு பெருமையா இருந்தாலும் அங்க மட்டும் வேண்டாம். இப்படிக் கொடுங்க."

மாலையை வாங்கி, ஊன்றுகோலோடு பக்கத்தில் நின்ற தம்பியின் கழுத்தில் போட்டாள்.

அர்த்தநாரி சிரித்தான். "கொஞ்சம் லூசா போடுக்கா. நான் இன்னும் நெறைய மூச்சு விடோணும்."