துணைநாடி

கன்னிமேட்டில் மருத்துவரிடம் போனால், மணிக்கட்டைப் பிடித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இது உங்க நாடியா, காரியோடதா?" என்பதுதான். செவ்வாய்க் கோளின் அந்த ஊரில் பாதிப் பேருக்கு இடது கையில் சொந்த நாடியும் வலது கையில் காரியின் நாடியும் துடித்தன. பந்தய நாளில் காரியின் நாடி மற்றதை அமுக்கிவிடும். ஆகவே அன்றைக்கு அறுவைச் சிகிச்சை கிடையாது. முகூர்த்தமும் வைக்க மாட்டார்கள்.

காரி ஒரு குதிரை. செவ்வாயில் எடை குறைவு என்பதால் அங்கே பிறந்த குதிரைகளுக்குக் கால்கள் நீண்டு வளர்ந்தன, எலும்புகள் மெலிந்தன. கன்னிமேட்டிலிருந்து துலாபுரிவரை, கண்ணாடிக் கூரை போட்ட முந்நூறு கிலோமீட்டர் பாதையில், முதுகில் ஆள் இல்லாமல் அவை ஓடும். வழியில் தண்ணீர் காட்டவும் இளைப்பாறவும் தங்கல்கள் உண்டு. அந்தப் பந்தயத்தில் காரி இதுவரை தோற்றதில்லை.

துணைநாடி என்பது கோதுமை மணி அளவுள்ள கருவி. அதைத் தோலுக்கடியில் பதிப்பார்கள். குதிரையின் மார்பில் இருக்கும் அனுப்பியிலிருந்து இதயத் துடிப்பும், தசைகளின் முறுக்கும், பிடரியில் மோதும் காற்றும் அதற்கு வந்துசேரும். வலியும் தாகமும் பயமும் வாரா. அவற்றை நடுவில் பிடித்து நிறுத்துவதற்கு 'சல்லடை' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அப்படி ஒன்று இருப்பதையே பெரும்பாலோர் மறந்துவிட்டிருந்தார்கள்.

காரி, ரசிகர் மன்றத்துக்குச் சொந்தம். வாயில்லாத பிராணிக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்று மன்றத்தை நிறுவியவர்கள் தலைமை ரசிகர் என்ற பதவியை ஏற்படுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு தங்கலிலும் மருத்துவர் குதிரையைப் பார்த்துக் கருத்துச் சொல்வார். முடிவு தலைமை ரசிகருடையது. தோளில் கிடக்கும் பச்சைத் துண்டை அவர் தலைக்குமேல் வீசினால் குதிரை ஓடும். குதிரையின் முதுகில் போர்த்தினால் அது பந்தயத்திலிருந்து விலகும். அந்தத் துண்டு மூன்று தலைமுறையாக அம்பலவாணரின் குடும்பத்தில் இருந்தது. காரிக்கு முன் ஓடிய எந்தக் குதிரையின் முதுகிலும் அது விழுந்ததில்லை.

அந்த ஆண்டுப் பந்தயத்தின் கடைசித் தங்கலில் தலைமை ரசிகர் அம்பலவாணர் நின்றபடி காத்திருந்தார். வயது எழுபதைத் தாண்டியும் நாற்காலியில் முதுகைச் சாய்க்காதவர். தலைக்குமேல் மன்றத்தார் கட்டியிருந்த பெரிய பதாகையில், 'காரியின் வலி எங்கள் வலி' என்று எழுதியிருந்தது. கீழே சில நூறு ரசிகர்கள் மாலையும் மேளமுமாக நின்றார்கள்.

காரி முதலில் வந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. குதிரையின் மருத்துவர் மணிமொழி அதன் இடது முன்னங்காலைத் தூக்கி, எலும்பைப் பார்க்கும் ஒளிக்கருவியைப் பிடித்தாள். அவள் அம்பலவாணரின் தம்பி மகள். பார்த்துவிட்டு நேராக அவரிடம் வந்தாள்.

"பெரியப்பா, இது ஓடக் கூடாது. முழங்காலுக்குக் கீழ எலும்புல கீறல் விட்டிருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார் அவர், வலது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தபடி. "நல்லா துடிக்குது. உற்சாகமா இருக்கான்."

"உற்சாகம் மட்டுந்தான் உங்களுக்கு வரும். வலி சல்லடையில நின்னுடும்."

"நாப்பது வருஷமா குதிரை நாடி பாக்குறேன் மணிமொழி. நீ கருவியைப் பாக்குற. நான் காரியைப் பாக்குறேன்."

"அப்ப எதுக்கு அது அந்தக் காலைத் தரையில வைக்க மாட்டேங்குது?"

"பந்தயக் குதிரை. நிக்கப் பிடிக்காது அதுக்கு."

பக்கத்தில் நின்ற மன்றச் செயலாளர் சூசை சிரித்தார். "டாக்டரம்மா, நீங்க போன வருஷமும் இப்படித்தான் பயமுறுத்துனீங்க. ஜெயிச்சு வந்துச்சு பாருங்க."

"ஜெயிச்சப்புறம் நாலு மாசம் லாயத்துல நின்னுச்சு. அதையும் பாத்தீங்களா?"

"அது ஓய்வும்மா. நாங்க மாலை போட்டோம், பால் ஊத்துனோம்."

மணிமொழி பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் காலோட ஓடுனா உடையும். உடைஞ்சா இந்த உடம்புல எலும்பு ஒட்டாது, உங்களுக்கே தெரியும். துண்டைப் போட்டு விடுங்க. யாரும் குறையா பேச மாட்டாங்க."

"பேசுவாங்க," என்றார் அம்பலவாணர். "எங்கப்பா போடாத துண்டு. நான் போட்டேன்னா பேசுவாங்க."

அவள் அதற்குமேல் வாதாடவில்லை. காரியிடம் போய், அதன் மார்பில் இருந்த அனுப்பியின் மூடியைத் திறந்தாள். அதைப் பதித்தவளே அவள்தான். "நீங்களே அதுக்காகப் பேசுங்க பெரியப்பா. ஆனா தெரிஞ்சு பேசுங்க," என்று சொல்லி, சல்லடையை அணைத்தாள்.

மேளம் நடுவில் நின்றது. மாலையோடு நின்ற ஒருவர் மாலைமேலேயே உட்கார்ந்தார். குதிரைக்கு முன்னங்கால் என்பது மனிதனுக்குக் கை. தங்கலில் இருந்த அத்தனை ரசிகர்களும் இடது கையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்கள். நாக்கு வறண்டது. எதனாலென்று சொல்லத் தெரியாத பயம் வந்தது. கன்னிமேட்டில் பேருந்துகள் நடுச்சாலையில் நின்றன; பள்ளியில் ஆசிரியர்கள் கரும்பலகைமேல் சாய்ந்தார்கள்.

அம்பலவாணர் மட்டும் உட்காரவில்லை. இடது கை செத்ததுபோலத் தொங்கியது. முகம் வெளுத்தது. முதல் முறையாக அவர் காரியைக் கண்ணோடு கண் பார்த்தார். அது காதைப் பின்னால் மடக்கி, காலை ஒரு விரற்கடை தூக்கியபடி நின்றது. அவருடைய வலது கை தோளிலிருந்த துண்டைப் பற்றியது.

"இதை நிறுத்தும்மா," என்றார், வலது கையைத் துண்டோடு நீட்டி மணிக்கட்டைக் காட்டி.

"குதிரையை நிறுத்துங்க. உங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமா நின்னுடும்."

"முதல்ல இதை நிறுத்து."

சுற்றிலும் முனகல் பெருகியது. சூசை தரையில் கிடந்தபடியே, துணைநாடி இல்லாத தங்கல் ஊழியர்களை ஏவினார். மருந்துப் பெட்டியில் வலிமுறி ஊசிகள் இருந்தன; குதிரைக்காக வைத்திருந்தவை. ஒரு ஊசியைப் பலருக்காகப் பிரித்து, மன்றப் பொறுப்பாளர்களிலிருந்து தொடங்கி எல்லாருக்கும் போட்டார்கள். இதற்குள் கன்னிமேட்டிலிருந்து துணைநாடி நிலையத்துக்குப் புகார்கள் குவிந்தன. ஒரு புகாரிலாவது குதிரைக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி இல்லை. கருவி பழுது என்றே எல்லாரும் சொன்னார்கள். நிலையத்தார் தங்கள் பக்கத்திலிருந்தே இன்னொரு சல்லடையை மாட்டினார்கள். தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று ஒரு செய்தியும் வந்தது.

வலி போயிற்று. அம்பலவாணரின் முதுகு நிமிர்ந்தது. அவர் மறுபடியும் மணிக்கட்டில் விரல் வைத்தார். அங்கே துடிப்பும் முறுக்கும் காற்றும் மட்டுமே இருந்தன.

"இப்ப சரியாயிடுச்சு," என்றார்.

"எது பெரியப்பா சரியாச்சு? அதே கால்தான் அங்க நிக்குது."

கூட்டம் எழுந்து, புழுதியைத் தட்டிக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் துண்டைத் தலைக்குமேல் வீசினார். வாயில் திறந்தது. காரி ஓடியது, கற்றுக்கொடுத்தபடி.

அது முதலாவதாகத்தான் துலாபுரிக்குள் நுழைந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டியபின் நான்கு எட்டு வைத்து, நின்று, அதற்குமேல் நகரவில்லை. இடது முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதே கணத்தில் கன்னிமேட்டிலும் துலாபுரியிலும் ஆயிரக்கணக்கானோர், வலது மணிக்கட்டில் வெற்றியின் துள்ளலை உணர்ந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். "ஜெயிச்சுட்டோம்," என்றார்கள்.

அன்று மாலையே விழா நடந்தது. கடைசித் தங்கலில் ரசிகர்கள் பட்ட துன்பத்தை மன்றம் மறக்கவில்லை. துணைநாடி பதித்திருந்த அனைவருக்கும் 'வலி தாங்கியவர்' என்ற பதக்கம் அறிவிக்கப்பட்டது. முதல் பதக்கம் தலைமை ரசிகருக்கு. அந்த நேரத்திலும் உட்காராமல் நின்றவர் என்று சூசை ஒலிபெருக்கியில் தழுதழுத்தார். அம்பலவாணரின் இடது கையில் இன்னும் லேசாக மரத்த உணர்வு இருந்ததால், பச்சைத் துண்டைக் கழுத்திலிருந்து தூளிபோலக் கட்டி, கையை அதில் தாங்கியிருந்தார். மூன்று தலைமுறையில் அந்தத் துண்டு தோளைவிட்டு இறங்கியது அன்றுதான்.

மேடைக்குப் பின்னால் காரி சுவரில் சாய்ந்து மூன்று காலில் நின்றது. மணிமொழி துலாபுரியின் மருந்துக் கிடங்குக்குப் போய்வந்திருந்தாள். அங்கேயும் ஊசி இல்லை. வலி வந்த நேரத்தில் ஊரே வாங்கிப் போட்டுத் தீர்த்திருந்தது. மேடையிலிருந்து இறங்கிய பெரியப்பாவை வழிமறித்தாள்.

"பெரியப்பா, ஒரு ஊசியாவது வேணும். மன்றத்துல யார்கிட்டயாவது மிச்சம் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க. அது துடிச்சிட்டு இருக்கு."

அம்பலவாணர் பதக்கத்தைச் சரிசெய்துகொண்டார். தூளியிலிருந்து இடது கையை மெதுவாக எடுத்து, வலது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். அவர் முகத்தில் ஓர் அமைதி பரவியது.

"அதுக்கு ஒண்ணுமில்லம்மா," என்றார். "எனக்குத் தெரியாதா?"