வேகனுக்கு அடியில்

கேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த நீலச்சட்டைப் பொம்மையைக் காணவில்லை. அரிசி மணியை விடக் கொஞ்சம்தான் பெரியது. வினோதினி குனிந்து தேடினாள். சைடிங்கில் நின்ற வேகனுக்கு அடியில், தலைக்குக் கையை வைத்து ஒருக்களித்துக் கிடந்தது. நின்ற நிலையில் வார்த்த பிளாஸ்டிக். அதற்கு முழங்கையே கிடையாது.

ஒரகடம் கன்டெய்னர் யார்டின் சிறிய மாதிரி வடிவம் அது. மேஜையகலப் பலகையில் மரத்தூள் மண், பசை வாசனை, ஸ்விட்ச் போட்டால் ஓடும் இன்ஜின். வேகன்களை ஒதுக்கி நிறுத்தப் புதிதாக வரும் சைடிங்கை எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. அவள் ஒட்டுகிற இடத்தில்தான் நிஜத் தண்டவாளமும் விழும்.

ஏசி அறையின் கண்ணாடிக்கு வெளியே, தூரத்து மதிலோர வேப்பமரங்களைத் தவிர நிழலென்று சொல்ல ஒன்றுமில்லாத சிமென்ட் வெளி வாலாஜாபாத் ரோடு வரை வெந்து கிடந்தது. ஓ.டி. முடித்த பையன்கள் நிற்கிற வேகனுக்கு அடியில் படுத்துக்கொள்வார்கள். போன கோடையில் மாசானம் அப்படித்தான் படுத்திருந்தான். இன்ஜின் வந்து வேகனை மாட்டி இழுத்தது. அவன் கவனக்குறைவாக லைனைக் கடந்து செத்தான் என்று அறிக்கையில் எழுதினார்கள். வினோதினியின் தம்பி பாலாஜியும் அதே ஷிப்ட். எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை.

அவள் சைடிங்கைப் பெயர்த்தாள். மதிலோரம் வரிசையாக நின்ற வேப்பமரங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பக்கத்திலேயே மரநிழல் இருந்தால் எவன் இரும்புக்கு அடியில் போவான்?

மறுநாள் பொம்மை மரத்தடியில் படுத்திருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், பல நாட்களுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

மதியம் மேனேஜர் ரஞ்சித் வந்தார்.

"இன்னாம்மா, ஒரு லைன் போட இத்தினி நாளா? இடம் ஓகே. மரம் எதுக்கு? அங்க பெட்டி அடுக்கலாம்."

"நிழலுக்கு சார். இல்லன்னா ஒரு ஷெட்டாவது..."

"ஷெட் போட்டா தூங்கிடுவானுங்க." சிரித்துக்கொண்டே மரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பல் பிடுங்கிய ஈறு மாதிரிக் குழிகள். "ஓட்டிக் காட்டு. நாளைக்கு எம்.டி. வராரு."

மரம் நின்ற இடத்தில் பொம்மை இல்லை.

அவள் போனை எடுத்தாள்.

"டேய் பாலாஜி, எங்க கீற?"

"படுத்துக்கினு கீறேன்கா." தூக்கக் குரல். "மதிலாண்ட இருந்த மரத்த எல்லாம் காணோம். எப்ப வெட்னாங்கன்னே தெரியல. வேகன் ஒண்ணு நிக்குது, அதுக்கு அடியிலதான் கீறேன். புது லைன் போட்டுட்டாங்க போல."

புது லைனா? அங்கே இன்னும் ஒரு ஜல்லி கூட விழவில்லை.

"எந்திரிடா. வெளிய வாடா!"

"அஞ்சு நிமிசம்கா. செம குளுகுளுன்னு கீது."

"யாரு, தம்பியா?" ரஞ்சித் ஸ்விட்ச்சைத் தட்டினார். இன்ஜின் முனகியது. நகர்ந்தது.

"சார், வேணாம் சார்!"

ஒயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் கையோடு வந்தது. இன்ஜின் நிற்கவில்லை.

வேகனைத் தூக்கப் பாய்ந்தாள். தீப்பெட்டி அளவு வேகன். அசையவில்லை. தொட்ட விரல் பொரிந்தது. உச்சிவெயிலில் காய்ந்த இரும்பின் சூடு.

"அக்கா..." போனில் குரல் தெளிந்திருந்தது. "மேல இன்னாமோ நிழல் வுழுது. பெருசா. கை மாதிரி."

"உருண்டு வெளிய வாடா!"

டக்.

இன்ஜின் மாட்டிக்கொண்டது. அதே சத்தம் போனிலும், காது கிழிய. பிறகு போனில் எதுவும் இல்லை. வெயிலின் இரைச்சல் மட்டும்.

"சூப்பரா ஓடுதே," என்றார் ரஞ்சித்.

வேகன் சைடிங்கின் கடைசி வரை போனது. திரும்பியது. மறுபடியும் போனது. அதன் ஒரு சக்கரம் மட்டும், வெள்ளை மரத்தூளின் மேல், தலைமுடி கனத்தில் ஈரமாகச் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டே இருந்தது.