மூச்சுக்கு இடம்

ஞாயிற்றுக்கிழமைதான் காஞ்சனா மகளின் சட்டையில் மடித்துத் தைத்திருந்த டக்கைப் பிரித்து இறக்கிவிட்டிருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தால் அது மறுபடியும் மேலே ஏறி, பாவாடை நாடாவுக்கும் சட்டை விளிம்புக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு மகளின் முதுகு தெரிந்தது. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள் அவள். திருத்தணி மலையடிவாரத்தில் பாதிப் பெண்களுக்கு அவள் தைத்த ரவிக்கைதான். துணி சுருங்கியதா உடம்பு நீண்டதா என்று அவள் கைக்குத் தெரியாமல் போகாது. பாவாடை இன்னும் கணுக்காலில்தான் நின்றது. கால் வளரவில்லை, முதுகு மட்டும் வளர்ந்திருந்தது.

மோனிகாவுக்கு எட்டு வயது. பிறக்கும்போதே முதுகெலும்பு வளைந்து, ஒரு பக்கத்து விலா எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நெஞ்சுக்கூடு வளராவிட்டால் உள்ளே நுரையீரல் விரிய இடம் இருக்காது, பிள்ளை மூச்சுத் திணறியே போய்விடும் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லி, முதுகுக்குள் ஒரு ராடு வைத்தார்கள். நீளக்கூடிய ராடு. சில மாதங்களுக்கு ஒருமுறை மின்சார ரயிலேறிப் போனால், டாக்டர் ஒரு காந்தப் பெட்டியை முதுகின்மேல் வைத்துப் பிடிப்பார். உள்ளே கர்ர்ர் என்று ஏதோ சுழலும். ராடு ஒரு நூலளவு நீளும். அதைக் கேட்கும்போதெல்லாம் காஞ்சனாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். அவளைப் பொறுத்தவரை அது மகள் பிழைத்துக்கொள்கிற சத்தம்.

இப்போது அந்தச் சத்தம் வீட்டிலேயே கேட்டது. பெட்டி இல்லாமல்.

முதல் தடவை சட்டை ஏறியபோது அவள் அழுதே விட்டாள், அவ்வளவு சந்தோஷம். டாக்டர் நூலளவு கொடுத்ததை முருகன் விரலளவாகக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தாள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலைப்படியில் வைத்துப் பக்கத்துத் தெரு மணியம்மை, "இன்னாடி, உம் பொண்ணு இப்டி வளந்துட்டா?" என்று வாய்விட்டுக் கேட்டாள். அவ்வளவுதான், காஞ்சனா மகளை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். கண் பட்டால் வந்த வளர்ச்சியும் போய்விடுமே. அன்றைக்கே மகளிடம், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள். ரவிக்கைத் துணியோடு வந்தவர்களை வாசலோடு அனுப்பினாள். பிறகு யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளும் வந்து போயிற்று. அங்கே போனால் ஒரு கும்பலே கூடி நின்று அளந்து அதிசயப்படும். விஜயவாடாவுக்கு லாரி ஓட்டும் கணவன் ராஜேஷிடம்கூடச் சொல்லவில்லை. அவன் வாயில் எதுவும் நிற்காது.

ஒரு நல்லதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவு பெரிய தனிமை என்று அவளுக்கு முன்பு தெரியாது. வீட்டுக்காரர்கள் கீழ்ப்போர்ஷனைப் பூட்டிக்கொண்டு புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மழை பிடித்து, கரண்டும் போய், ஈரச் சுவரின் வாடையும் மெஷின் எண்ணெயின் வாடையும் கலந்து அறைகளுக்குள் தேங்கி நிற்க, தூரத்தில் அரக்கோணம் வண்டி கூவிக்கொண்டு போய் அந்தக் கூவலும் அடங்கியபின், பேச ஓர் ஆள் கிடைத்தால் தேவலை என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. மணியம்மைகூடப் போதும்.

கர்ர்ர்.

உள்ளறையில் மோனிகா சுவரோரம் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் உட்கார்ந்த அதே இடம். வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லம்மா. அதுவா வளந்துகினு கீது."

வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிப் பேசுகிற பிள்ளை அவள். இப்போதெல்லாம் ஒரே சீராகப் பேசினாள். நல்லதுதானே, ராடு வேலை செய்கிறது என்று காஞ்சனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் தொடாத சோறு கண்ணை உறுத்தியது. கண்ணேதான் பட்டிருக்கிறது, நல்லது கோணிக்கொண்டு போகிறது என்று முடிவுகட்டினாள்.

சுத்திப்போட வேண்டியதுதான். காய்ந்த மிளகாயும் கல் உப்பும் ஒரு பிடியில் அள்ளினாள். மழையில் இறங்கித் தெருமுனை மண்ணைக் கிள்ளிவந்து சேர்த்தாள். மகளின் தலையைச் சுற்றினாள், மூன்று முறை துப்பச் சொன்னாள். மோனிகா வாயைக் குவித்தாள், ஒன்றும் வரவில்லை. இரும்புச் சட்டியில் கொட்டாங்கச்சி நெருப்பைக் கொண்டுவந்து, கையிலிருந்ததை அதில் போட்டாள். திருஷ்டி இருந்தால் எத்தனை மிளகாய் கருகினாலும் நெடி வராது. ஊரறிந்த கணக்கு. வராது என்று நம்பித்தான் குனிந்து பார்த்தாள்.

வந்தது. தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

அப்படியானால் கண் படவில்லை. யாருடைய கண்ணும் படவில்லை. ஒன்றுமில்லாததற்குப் பயந்து, பார்க்கவேண்டிய டாக்டர் கண்ணிலிருந்து பிள்ளையை ஒளித்துவைத்திருக்கிறாள். இருமிக்கொண்டே ராஜேஷுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் போட்டாள். அதே குரல். கண்ணீர் வழிய, இருமி இருமிக் குடல் புரண்டது.

அப்போதுதான் உறைத்தது. அந்த அறையில் ஒருத்திதான் இருமிக்கொண்டிருந்தாள்.

புகைக்குள் மோனிகா அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் திறந்தபடி. கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

காஞ்சனா தவழ்ந்து போய் மகளின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். சூடு இல்லை. ஏற்றம் இல்லை. இறக்கம் இல்லை.

"மோனி. மூச்சு வுடும்மா."

"அது மல ஏறுன அன்னிக்கே நின்னுபோச்சும்மா. நீதான யார்கிட்டயும் சொல்லாதன்ன."

கர்ர்ர்.

உள்ளங்கைக்கு அடியில், ஒட்டியிருந்த விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விலகின. அவள் விரல்கள் அந்த இடைவெளிகளுக்குள் இறங்கின. தோலுக்கு அந்தப் பக்கம் வெறும் இடம். நிறைய இடம். கையை இழுத்துக்கொண்டாள்.

மகளின் மடித்த கால்கள் தரையில் அசையாமல் இருந்தன. முகம் மட்டும் மேலே போனது. காஞ்சனாவின் முகத்தைத் தாண்டி. சுவிட்சு போர்டைத் தாண்டி. புகைக்குள்.

"அம்மா, தூக்கிக்கோ."

எட்டாத உயரத்தில் இரண்டு சின்னக் கைகள் அவளைத் தேடிக் காற்றைத் துழாவின.