வியப்புப் பூட்டு

வாசல் கதவுக்கு மேலே 91 என்று சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அது நாற்பதுக்குக் கீழே இறங்கினால்தான் கதவு திறக்கும்.

மே மாதத்துத் திருப்பூர். பெற்றவர்கள் பனியன் ஆலைகளுக்குப் போய்விட, இசைவாணியின் இல்லக் காப்பகத்தில் ஐந்து பிள்ளைகள். கோடைக்குக் கொடுத்திருந்த கைவேலைப் பட்டியலில் அன்றைக்கு ஐஸ். முந்தின நாளே டிபன் டப்பாக்களில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு புளியங்கொட்டையும் ஒரு சட்டைப் பொத்தானும் போட்டு உறைய வைத்திருந்தாள். உப்பு இருக்கிறது, வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கிறது, மரக்கரண்டி இருக்கிறது. எப்படியாவது உள்ளே மாட்டிக்கொண்டதை வெளியே எடுக்க வேண்டும்.

நாலு பேர் எடுத்துவிட்டார்கள். எடுத்த பொத்தானைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பயமுறுத்தியும் ஆயிற்று. நறுமுகை மட்டும் எடுக்கவில்லை. நாலு வயதுக்காரி, ஐஸில் உப்பு அரித்த பள்ளத்தில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

"அத்த, இது பேசுது. டிக்கு டிக்குங்குது."

"வெடிக்குது கண்ணு. அதான் சத்தம்."

"ஏன் வெடிக்குது?"

92.

பிள்ளைகளின் காது மடலுக்குள், கழற்ற முடியாதபடி, ஆளுக்கொரு வியப்புமணி. கடுகளவுதான் இருக்கும். மண்டைக்குள் ஓடும் மெல்லிய அலையைப் படித்து எண்ணாக்கிக் கதவுக்குச் சொல்லும். ஐந்து எண்களில் எது பெரியதோ அதுதான் கதவுக்கு மேலே தெரியும். ஐந்து வயதுக்குள் ஒரு வியப்பை நடுவில் அறுத்துவிட்டால் அந்த இழை திரும்ப ஒட்டுவதே இல்லை என்று கண்டுபிடித்த பிறகு வந்த சட்டம் இது. பிள்ளை ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது யாரும் உள்ளே வரக்கூடாது, யாரும் வெளியே போகக்கூடாது, தொலைபேசி அடிக்கக்கூடாது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

சமையல்கட்டு ஜன்னல் கம்பியில் யாரோ தட்டினார்கள். ரெஜினா. இந்தத் தெருக் காப்பகங்களுக்கெல்லாம் அவள்தான் மாற்றுக் காப்பாளர். யாருக்காவது முடியாமல் போனால் வந்து பார்த்துக்கொள்வாள். ஓடி வந்ததில் மூச்சிரைத்தது.

"வாணி, பதறாத புள்ள. உன்ற பையன் பள்ளிக்கூடத்துக் கோடை முகாமுல படியில விழுந்துட்டான். முழங்கை ஒடைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில இருக்கறான்."

"ஆரூரனா?"

"எலும்பு ரத்தக்குழாய அமுத்திக்கிச்சாம். கை வெளுத்துக் கெடக்குது. பன்னெண்டு மணிக்குள்ள ஆபரேசன் பண்ணலீன்னா வெரலுக மடங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. உன்ற வெரலு வேணும்."

போலி முகமும் போலிக் குரலும் பெருகிப்போன காலம். பெற்றவரில் ஒருவர் நேரில் வந்து விரல் பதித்தால் ஒழியப் பிள்ளை மேல் கத்தி வைக்க மாட்டார்கள். ஆரூரனின் அப்பா தூத்துக்குடிக் கடலில் காற்றாலை மேல் இருந்தார்.

மணி பதினொன்று பதினைந்து. ஆஸ்பத்திரிக்குப் போகவே இருபது நிமிடம். இசைவாணி ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். அசையவில்லை.

"தீப்பிடிச்சா தொறக்குமல்ல? சாம்பிராணி போடு," என்றாள் ரெஜினா.

"போன வருசமே நாலாவது வீட்டுக்காரி போட்டுப் பாத்துட்டாக்கா. இப்ப அது சாம்பிராணியெல்லாம் மோந்து கண்டுபிடிச்சுடுது. உள்ள புள்ளைகளுக்கு ஏதாச்சும்னாத்தான் தொறக்கும். எனக்கு ஏதாச்சும்னா தொறக்காது."

சட்டம் எழுதியவர்கள் பிள்ளைகளுக்கு வரக்கூடிய ஆபத்துகளையெல்லாம் யோசித்திருந்தார்கள். பார்த்துக்கொள்கிறவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும் என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது.

அவள் நறுமுகையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஐஸை எடுத்துப் பின்னால் மறைத்தாள். குழந்தை அழவில்லை. முகத்தை நிமிர்த்தி அவளையே பார்த்தது.

"அத்த, ஐஸ ஏன் ஒளிச்சு வெக்கறீங்க?"

93.

"கதவு தொறக்கணும் சாமி. நான் அண்ணனப் பாக்கப் போகணும். கை ஒடைஞ்சிருச்சு."

"உள்ள எலும்பு இருக்குமா? அது எப்படி ஒடைஞ்சுது? டிக்குன்னு சத்தம் வந்துச்சா? கதவுக்குள்ள எலும்பு இருக்குதா, அதான் தொறக்கலியா?"

97.

உண்மையைச் சொன்னாலும் ஏறுகிறது, மறைத்தாலும் ஏறுகிறது. இந்தக் குழந்தைக்கு எதைக் கொடுத்தாலும் அதிலிருந்து இன்னொன்று முளைக்கும். ஏழு மாதமாக அதற்காகவே அவளைத் தனியாகக் கொஞ்சியவள் இசைவாணி. மணி பதினொன்று இருபத்து மூன்று.

ஐஸை மறுபடி பாயில் வைத்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"ஐஸ் எதுல ஆனது? தண்ணியில. சொல்லு."

"தண்ணியில. ஆனா அத்த..."

"ஆனா கீனா கெடையாது. பத்து தடவை சொல்லு."

குழந்தை சொன்னது. நாலாவது தடவை 80. பத்தாவது தடவை 66.

"உப்புப் போட்டா ஏன் அத்த கரையுது?"

"அது அப்படித்தான். உப்புப் போட்டா கரையும். சொல்லு."

"உப்புப் போட்டா கரையும்."

"சரி. அடுத்து, பொத்தானுக்கு எத்தன ஓட்டை? தப்பு. மூணில்ல, நாலு. திருப்பிச் சொல்லு."

53. ஜன்னலில் ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். 49. 47. பிறகு நின்றுவிட்டது. நறுமுகையின் சுண்டுவிரல், யாருக்கும் தெரியாமல், ஐஸ் பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"அத்த," என்றாள் மெதுவாக, "உப்புப் போட்டா அதுக்கு வலிக்குமா?"

எண் நடுங்கி 51 ஆனது.

இசைவாணி மற்ற நாலு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். சிரித்தாள். தனக்குள் அப்படி ஒரு சிரிப்பு இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரியும்.

"கேட்டீங்களா? ஐஸுக்கு வலிக்குமாம்! ஐஸுக்கு வாயி இருக்குதா? மூக்கு இருக்குதா? அழுவுமா அது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன் பாயில் உருண்டே சிரித்தான். நறுமுகை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு ஐஸிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

38. கதவு திறந்துகொண்டது.

ரெஜினா உள்ளே வர, இசைவாணி செருப்பில்லாமல் ஓடினாள். விரல் பதித்தபோது பன்னிரண்டுக்கு ஒன்பது நிமிடம் இருந்தது. மூன்று மணிக்கு ஆரூரனின் நகங்களில் சிவப்பு திரும்பியது. ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினான். அவள் அந்தக் கையில் முகம் புதைத்து அழுதாள். அந்த விரல்களை இழக்க விட்டிருக்கவும் மாட்டாள், வேறு மாதிரி நடந்திருக்கவும் மாட்டாள். அதை யாராலும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலை, மகனைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்து காப்பகத்தைத் திறந்தபோது, கதவின் திரையில் செய்தி இருந்தது.

'பாராட்டுகள். நேற்றைய ஐஸ் கைவேலையில் குழந்தையின் வியப்பு எட்டு நிமிடத்தில் முழுமையாக நிறைவுற்றது. மாவட்டத்தில் இதுவே முதலிடம். கதவு பதிவு செய்த உங்கள் முறை மாதிரிப் பாடமாக எல்லா இல்லங்களுக்கும் அனுப்பப்பட்டுள்ளது.'

இரண்டு முறை படித்தாள். நிறைந்து அடங்குவதும் அணைத்து அடக்குவதும் பூட்டுக்கு ஒன்றுதான். கீழே இறங்கும் எண்ணை மட்டுமே அதற்குப் படிக்கத் தெரியும்.

பதினொரு மணிக்கு ரெஜினா சிரித்துக்கொண்டே வந்தாள். "வாணி, தெருவ வந்து பாரு! அத்தன கதவும் தொறந்து கெடக்குது. நாலாவது வீட்டுக்காரி காய் வாங்கப் போறா, பாத்துக்க. உன்னையத்தான் எல்லாரும் கும்புடறாங்க. ஒரு வீட்லயும் புள்ளைக சத்தமே இல்ல."

"போங்கக்கா," என்றாள் இசைவாணி. "சித்த நேரம் என்னைய விடுங்க."

அவள் முன்னால் ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர். அதில் எலுமிச்சை மிதந்தது. தோலை உரித்த இன்னொன்று மூழ்கிக் கிடந்தது. காலையிலிருந்து மூன்று முறை போட்டுக் காட்டிவிட்டாள். நறுமுகை கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாச்சும் கேளு கண்ணு. எது வேண்ணாலும் கேளு. நான் சிரிக்க மாட்டேன்."

குழந்தை முதலில் மற்ற நாலு பேரின் முகத்தைப் பார்த்தது. பிறகு, நல்ல பிள்ளையாக, அவளைப் பார்த்தது.

"நீங்க சொல்லுங்க அத்த. நான் பத்து தடவை சொல்றேன்."

கதவுக்கு மேலே ஆறு. தெருவிலிருந்து பெண்களின் பேச்சும் சிரிப்பும் வெயிலோடு சேர்ந்து உள்ளே வந்தன. இசைவாணி எழுந்து போய் இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தினாள். கையை எடுத்ததும் அது மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தி, இந்த முறை முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.