அரைத் தொட்டிக் காற்று

புதுத்துறையில் காலையில் கண் விழித்ததும் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை; காற்று பார்ப்பார்கள். நம் வீட்டுச் சுவரில் தினசரி நாட்காட்டி தொங்கும் இடத்தில் அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை இருக்கும். ஊரின் பொதுத் தொட்டியில் எத்தனை விழுக்காடு பிராணவாயு இருக்கிறது என்று அது காட்டும். வழியில் இருவர் எதிர்ப்பட்டால் சாப்பிட்டாயிற்றா என்று கேட்கும் பழக்கம் போய்விட்டது. "காத்து பாத்தாச்சா?" என்பார்கள். "பாத்தாச்சு, அம்பது" என்று பதில் வரும். பதினோரு வருடமாக அதே பதில்தான்.

துறை என்று பெயரே தவிர, செவ்வாய்க் கோளின் அந்தச் சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் கிடையாது. தூத்துக்குடிப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் நாலு தலைமுறைக்கு முன்பு வந்து இறங்கி, பிறந்த ஊர்ப் பாசத்தில் வைத்த பெயர் அது. இருநூறு வீடு, அறுநூற்றுச் சொச்சம் பேர், எல்லாரும் ஒரே கூரைக்கு அடியில். அரைத் தொட்டிக் காற்றை வைத்துக்கொண்டு வாழும் ஊர் அடக்கமாகத்தான் வாழ வேண்டும். ஓடக் கூடாது. படிகளை இரண்டிரண்டாகத் தாவக் கூடாது. கல்யாணத்தில் தவில் உண்டு, நாதஸ்வரம் கிடையாது; ஊதுகிறவர் மூச்சை வீணாக்குகிறாராம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. தொட்டி அறுபது விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து முப்பது நாள் நின்றால்தான் புதுக் குழந்தைக்கு அனுமதி. அதனால் பள்ளிக்கூடத்தில் இப்போது ஆறாம் வகுப்புதான் ஆரம்ப வகுப்பு. அதற்குக் கீழே இருந்த அறைகளில் காளான் வளர்க்கிறார்கள்.

அந்தக் குழந்தைப் பட்டியலில் மூன்றாவது பெயர் ஜெபக்கனி. ஒன்பது வருடமாக மூன்றாவது. நாற்பது வயதானால் பெயரை அடித்துவிடுவார்கள். அவளுக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது. கணவன் எபநேசர் கீரைக்கூடத்தில் வேலை பார்த்தான். கடைசி வருடம் வந்த பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பேசினால் அவளுக்கு அழுகை வரும். அழுதால் மூச்சு வாங்கும். அதற்கும் ஊரில் முகம் சுளிப்பார்கள்.

ஜெபக்கனியின் வேலை குறிகைச் சீராக்கிகளைப் பராமரிப்பது. ஊர் முழுக்க உணரிகள் உண்டு: கொதிகலனில் வெப்பம் பார்ப்பது, கீரைப் பாத்தியில் ஈரம் பார்ப்பது, வாயிற்கதவில் அழுத்தம் பார்ப்பது. ஆனால் உணரிக்குக் குரல் கிடையாது. அது கொடுப்பது ஆயிரத்தில் சில பங்கு வோல்ட், வெறும் முனகல். பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடினால் அந்த முனகலும் இரைச்சலில் கரைந்துபோகும். சீராக்கி என்ற தீப்பெட்டி அளவுக் கருவி அந்த முனகலை வாங்கி, இரைச்சலை வடிகட்டி, பெருக்கி, நெளிவை நிமிர்த்தி, கட்டுப்பாட்டு அறைக்கு மின்னோட்டமாக அனுப்பும். பூஜ்ய விழுக்காட்டுக்கு நாலு மில்லியாம்ப், நூறுக்கு இருபது. பூஜ்யத்துக்கு ஏன் நாலு என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். கம்பி அறுந்தால் மின்னோட்டமே வராது; தொட்டி காலி என்பதும் கம்பி அறுந்தது என்பதும் ஒன்றாகத் தெரிந்துவிடக் கூடாது, அதற்குத்தான். ஒன்றுமில்லை என்று சொல்லவும் ஒருவன் உயிரோடு இருக்க வேண்டுமல்லவா!

அன்று அவள் கவச உடை மாட்டிக்கொண்டு வெளியே போனது ஒரு காற்றாடி உணரியைச் சரிசெய்ய. திரும்பும் வழியில் பொதுத் தொட்டியின் பின்பக்கமாக வந்தாள். அங்கே யாரும் போவதில்லை. தொட்டியின் உச்சியில் இருந்த பாதுகாப்பு வால்வுக்கு எதிரே, முறத்தைக் கவிழ்த்ததுபோல் விரிந்த ஓர் இடத்தில், செம்மண் தூசி ஒரு பொட்டுக்கூட இல்லை. வெறும் பாறை. யாரோ வருடக்கணக்காக ஊதி ஊதித் துடைத்த மாதிரி.

நின்று பார்த்தாள். பாதுகாப்பு வால்வு தொண்ணூற்றைந்து விழுக்காட்டில்தான் திறக்கும். அரைத் தொட்டிக்கு அதைத் திறக்கும் தெம்பு கிடையாது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வால்வு ஒரு முறை திறந்து, வெள்ளையாக ஒரு மூச்சு விட்டு, மூடிக்கொண்டது.

உடையைக் கழற்றக்கூட இல்லை. நேரே முதன்மைக் கருவிப் பெட்டிக்குப் போனாள். தலைவரின் அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது என்று எழுதியிருந்த பெட்டி. திறந்தாள். தொட்டி உணரியிலிருந்து வந்த கம்பி எதிலும் சேராமல் ஓரமாகத் தொங்கியது. சீராக்கி இருக்க வேண்டிய இடம் காலி. அங்கே இரண்டு கவ்விகளால் ஒரு பதிலிப் பெட்டியை மாட்டியிருந்தார்கள். சோதனைக்குப் பயன்படும் சாதனம் அது. நாம் எந்த எண்ணைத் திருகி வைக்கிறோமோ அதை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு மில்லியாம்பில் வைத்திருந்தது. நாலுக்கும் இருபதுக்கும் நட்டநடு, அதாவது ஐம்பது விழுக்காடு. மேலே ஒட்டியிருந்த சீட்டில் 'தற்காலிகம்' என்று எழுதி, பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதியும் ஒரு கையெழுத்தும் இருந்தன.

கையெழுத்து பால்துரை அண்ணாச்சியுடையது. அப்போது கருவிப் பிரிவில் மேற்பார்வையாளர், இப்போது ஊர்த் தலைவர். சீட்டை அவர் மேசையில் வைத்தாள்.

"அட, இதுவா!" என்று அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பழைய நண்பரைக் கண்ட மகிழ்ச்சி முகத்தில். "சீராக்கி பொகஞ்சிட்டு தாயி. மாத்துக் கருவி பூமியில இருந்து வர ஒம்பது மாசம் ஆகும்னாங்க. அதுவரைக்கும்னு இதை மாட்டுனேன்."

"மாத்துக் கருவி வரலையா அண்ணாச்சி?"

"வந்துட்டு. பண்டகசாலையில இருக்கு. அதுக்குள்ள எனக்குப் பதவி உயர்வு வந்துட்டுல்லா."

ஜெபக்கனி சீட்டிலிருந்த தேதியைச் சுட்டிக் காட்டினாள். "பதினோரு வருசமா தொட்டி நெறஞ்சு வழிஞ்சிருக்கு. பிராணவாயு ஆலை நிக்காம ஓடி, மிச்சத்தை எல்லாம் வெளிய ஊதியிருக்கு. நாங்க பிள்ளை இல்லாம உக்காந்திருக்கோம்!"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வெட்கம் இருந்தது, இல்லாமல் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "தப்புதான். ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளு. அம்பதுன்னா யாரும் பயப்படவும் இல்ல, ஆட்டம் போடவும் இல்ல. நிஜக் காத்து ஏறும், எறங்கும். எறங்குத நம்பரை இந்த ஊரு பாத்ததே இல்லையே தாயி."

"பாத்துப் பழகட்டும்" என்றாள் அவள்.

மறுநாள் ஊர் மன்றத்தில் வைத்து, எல்லார் கண் முன்னாலும், பண்டகசாலையிலிருந்து வந்த சீராக்கியை மாட்டினாள். சுவர்த் திரைகள் ஒரு நொடி இருண்டன. பிறகு தொண்ணூற்று நாலு என்று வந்தது. அந்தக் கூச்சலை என்ன சொல்ல! ஓடக் கூடாத ஊர் ஓடியது. யார் வீட்டுப் பரணிலிருந்தோ ஒரு நாதஸ்வரம் வெளியே வந்தது; வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டாலும் ஆளாளுக்கு வாங்கி ஊதினார்கள். பட்டியலிலிருந்த முதல் பன்னிரண்டு தம்பதிகளை மேடைக்கு அழைத்தார்கள். தினமும் மாலை ஆறு மணிக்குப் பதிவேட்டில் எண் ஏறும். முப்பது பதிவுகள் அறுபதுக்கு மேலே இருந்துவிட்டால் அனுமதிச் சீட்டு கைக்கு வரும். அன்று வீட்டுக்கு வந்து எபநேசர் அழுதான். ஜெபக்கனியும் அழுதாள். மூச்சு வாங்கியது, வாங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

தொட்டி நிறைந்திருக்கிறது என்று ஆலைக்கும் இப்போதுதான் தெரிந்தது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக அது ஓய்வெடுத்தது. தொண்ணூறுக்கு இறங்கினால் மறுபடி ஓடும். அப்படித்தான் அதை அமைத்திருந்தார்கள். மறுநாள் காலை திரையில் தொண்ணூற்று மூன்று. அதற்கடுத்த நாள் தொண்ணூற்று இரண்டு.

பக்கத்து வீட்டுச் சொர்ணம் மதினி விடிந்ததும் விடியாததுமாகக் கதவைத் தட்டினாள். "கனி, ரெண்டு எறங்கிட்டே! ஆலைச் சத்தமும் கேக்கல. ஊரு தாங்குமா?"

"மதினி, போன வாரம் வரைக்கும் அம்பதுல நிம்மதியாத் தூங்குனீங்கல்லா?"

"அது அம்பது, அப்படியே நின்னுது. இது எறங்குதே!"

ஜெபக்கனி ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னாள். படம் போட்டுக் காட்டினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு, வெளிவேலைக்குப் போகிறவர்கள் முதுகில் மாட்டும் உருளைகளைத் தேடி எடுத்து, நிரப்பு நிலையத்தில் பிராணவாயு பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு பாதுகாப்புக்குத்தான். அதனால் எண் இன்னும் வேகமாக இறங்கியது. இறங்குவதைப் பார்த்து, அதுவரை சும்மா இருந்தவர்களும் வந்தார்கள். தீயணைப்பான் கூடுகளில் பிடித்தார்கள். ஒருவர் ஊறுகாய் ஜாடியோடு வந்து நின்றார். ஆலை மறுபடி ஓடத் தொடங்கியும், அது செய்ததைவிட வீடுகள் பிடித்தது அதிகம்.

ஊர் மன்றம் கூடி, வீட்டுக்கு வாரம் ஒரு உருளைதான் என்று பங்கு வைத்தது. காரியம் அத்தோடு கெட்டது. அதுவரை உருளையைப் பற்றி நினைத்தே பார்க்காத வீடுகளும் இப்போது வந்து வரிசையில் நின்றன. பங்கு என்று ஒன்றை அறிவித்துவிட்டால் அதை வாங்காமல் விடுகிற மனிதன் எந்தக் கோளில் பிறந்திருக்கிறான்? வாங்காவிட்டால் அந்த வாரத்தோடு போய்விடுமே!

இருபத்தேழு பதிவுகள் தேறின. இருபத்தெட்டாம் நாள் மதியம் திரை ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு காட்டியது.

ஜெபக்கனி வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தாள். ஆறு மணிக்குள் அறுபதைத் தாண்டாவிட்டால் எல்லாம் மறுபடி ஒன்றிலிருந்து. கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தவளின் குதிகால் கட்டிலுக்கு அடியில் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தாள். ஆறு உருளைகள், மேலே ஒரு பழைய போர்வை. பக்கத்தில் ஒன்று காலியாக.

எபநேசர் வாசலில் நின்றான்.

"ஏங்க, நீங்களுமா?"

"பிள்ளை பொறந்தா அதுக்கு மூச்சு வேணும்லா கனி? ஊரை நம்பி எப்படி விட?"

"இது இங்க இருக்கதுனாலதான பிள்ளையே இல்ல!" அவளுக்கு வந்த கோபத்தில் இரண்டு உருளைகளை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மனக்கணக்கு தானாக ஓடியது. ஆறு உருளை, தொட்டியில் பூஜ்யம் புள்ளி மூன்று விழுக்காடு. ஐம்பத்தொன்பது புள்ளி எட்டோடு சேர்த்தால் அறுபது புள்ளி ஒன்று. நாலு மணிக்குள் நிரப்பு நிலையத்துக் குழாய் வழியாகத் தொட்டியில் கொட்டிவிடலாம். பதிவு ஏறிவிடும்.

"நீ போய்க் கொட்டு, நான் தடுக்கல" என்றான் எபநேசர். "ஆனா இன்னைக்குத்தான் இந்த வாரப் பங்குக்குக் கடைசி நாள். நீ ஒரு குழாயில ஊத்துவ, அடுத்த குழாயில அவங்க பிடிச்சிட்டுப் போவாங்க. கடைசியில ஊருக்குள்ள உருளை இல்லாத வீடு நம்ம வீடுதான். எல்லாரும் குடுக்கட்டும், அப்புறம் நாமளும் குடுப்போம்."

அவள் கதவைத் திறந்து பார்த்தாள். நிரப்பு நிலையத்து வரிசை அவர்கள் வாசலைத் தாண்டி வளைந்து போயிருந்தது. முன்னால் சொர்ணம் மதினி. நாலு பேர் தள்ளிப் பால்துரை அண்ணாச்சி, இடுப்பில் ஒரு உருளையோடு. பட்டியலில் இருந்த பன்னிரண்டு தம்பதிகளில் ஏழு பேரை அவளால் எண்ண முடிந்தது. யாரும் சண்டை போடவில்லை; பேசிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

அவன் சொன்னது தவறாக இருந்திருந்தால் அவள் போயிருப்பாள். வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு இரண்டு உருளைகளையும் இறக்கிக் கட்டிலுக்கு அடியில் உருட்டி, போர்வையைச் சரியாக இழுத்து மூடினாள்.

"நம்ம பங்கு பிடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. நீ வரட்டும்னுதான் இருந்தேன்."

காலி உருளையை எடுத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றாள். மாலை ஆறு மணிக்கு, பதிவேட்டில் அன்றைய எண் ஏறியபோது, அவள் குழாயைத் திறந்துகொண்டிருந்தாள்.