சொல்லிக்கொண்டு வந்த வீடு

இரண்டு நாள் விடாமல் அடித்த கோடை மழை மூன்றாம் நாள் காலை ஒருவழியாக ஓய்ந்தது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் கரண்ட் மட்டும் இன்னும் வரவில்லை. மிக்ஸி ஓடாது, மோட்டார் ஓடாது. போனில் சார்ஜ் இல்லையே என்று ரஞ்சித் காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தான். அவன் மனைவி வேணிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவளுக்கு நடக்கப் போக வேண்டும். ஏழு மாதம். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். முதல் இரண்டும் தங்காமல் போய், இதுதான் தங்கியிருந்தது. டாக்டர் தலைகீழாக நிற்கச் சொல்லியிருந்தாலும் வேணி நின்றிருப்பாள்.

கே.கே. நகரிலிருந்து இந்த வாடகை வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கரையோரப் பாதை முழுக்க வாழைகள் ஒடிந்து படுத்துக் கிடந்தன. ஈர மண்ணோடு அழுகத் தொடங்கிய வாழைத்தண்டின் வாடையும் வந்தது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. பாதை திரும்புமிடத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று வேரோடு பெயர்ந்து, ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்திருந்தது. பாதிக் கூரை உள்ளே இறங்கியிருந்தது.

வாசற்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எத்தனை மாசம்?" என்று கேட்டாள்.

"ஏழுங்க. உங்களுக்கு அடி ஏதும் படலையே?"

"அசையுதா?"

"விடிஞ்சா போதும், ஆரம்பிச்சுடும். ஒரு நிமிஷம் சும்மா இருக்காது."

அந்தப் பெண் வேணியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேணிக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் பழக்கம் யாரை விட்டது, வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"போயிட்டு வரேன்க்கா."

"வா," என்றாள் அவள்.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு ரஷீதா அடிபம்பில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். வேணி சொல்லச் சொல்ல, பம்பு அடித்த கை நின்றுவிட்டது.

"மரம் விழுந்த ஓட்டு வீடா? அது மாரியாயி வீடும்மா. முந்தாநாளே போயிடுச்சு. நிறைமாசம். ஓட்டை எடுத்துப் பாக்குறதுக்குள்ள ரெண்டு உசுரும் போச்சு. அங்க இப்ப ஆளே இல்லயே."

"நான் சொல்லிக்கிட்டு வந்தேங்க்கா."

"என்னன்னு?"

"போயிட்டு வரேன்னு."

சாவு விழுந்த வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். வேணிக்குத் தெரியாததா? ஆனால் பந்தல் இல்லை, அழுகை இல்லை, அது சாவு வீடு என்று அவள் என்ன கண்டாள், பாவம்.

அன்று மத்தியானம் வயிற்றில் அசைவு நின்றது.

ரஞ்சித் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனான். இதயத்துடிப்பு நன்றாகவே கேட்டது. "தூங்குதும்மா, பயப்படாதீங்க," என்றார் டாக்டர். மறுநாளும் அதையேதான் சொன்னார். வேணி இனிப்புச் சாப்பிட்டாள், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தாள், வயிற்றைத் தட்டிக் கூப்பிட்டாள். ஒன்றுமில்லை. இதுவும் போய்விடுமோ என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அத்தனை பயம்.

"நீ சொன்னத நீயேதான் திருப்பி வாங்கணும்," என்று ரஷீதா காதோடு சொன்னாள். "போறேன்னு சொல்லிட்டு வந்துடு. வரேன்னு வாய் தவறிக்கூட சொல்லிடாத."

'போறேன்' என்று தெரியாமல் சொன்னால்கூட அம்மா வாயிலேயே போடுவாள். அந்தச் சொல்லைத்தான் வேணி வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த நாள், மாலை மணி நான்கு இருக்கும். வெயில் நன்றாகவே அடித்தது. ரஷீதா பாதை திரும்பும் இடத்திலேயே நின்றுவிட்டாள்.

வாசற்படி காலியாக இருந்தது. ஆனால் ஈரமாக இருந்தது.

வேணி படியை நெருங்கினாள்.

குழந்தை உதைத்தது.

இரண்டு நாளாகக் காணாத உதை. வேணிக்குக் கண்ணீர் பொங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேவிட்டாள். வந்த காரியம் முடிந்ததுபோலவே இருந்தது. தைரியமாக வாசலுக்குள் தெரிந்த இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் போறேன்."

உள்ளே ஓடு ஒன்று சரிந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது.

"சரி. நீ போ."

வேணி விறுவிறுவென்று நடந்தாள். பத்தடி போயிருப்பாள். வயிறு கல்லாகக் கிடந்தது.

நின்றாள்.

பின்னால் ஓரடி வைத்தாள். லேசாக ஒரு புரளல். இன்னும் நாலடி வைத்தாள். உதைத்தது.

மறுபடி முன்னால் நடந்து பார்த்தாள். அசைவில்லை.

'நீ போ' என்றது அவளை மட்டும்தான்.

"திரும்பிப் பாக்காம வந்துடும்மா," என்று ரஷீதா அங்கிருந்தே கூப்பிட்டாள்.

எப்படி வருவாள்? வேணி அந்த விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வயிற்றை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்குள்ளிருந்து, மிக மெதுவாக, யாரோ தாலாட்ட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, அவள் கைக்கு அடியில், குழந்தை சுகமாகப் புரண்டு படுத்தது.