அரை விநாடி

குருசுக்குப்பத்து அந்தப் பழைய மாடிவீட்டுக்குக் குடிவந்தபோது மேனகாவுக்கு இருந்த ஒரே கவலை, எந்த ஃபிலிம் வாங்குவது என்பதுதான். பிரான்சில் வேலை பார்க்கும் கணவன் செல்வகுமாருக்கு, ஆறு வயது மகள் சிந்துவைத் தினம் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதுவும் கறுப்பு வெள்ளையில், ஃபிலிமில். மனுஷனுக்கு அப்படியொரு பைத்தியம்!

நானூறு வேக ஃபிலிம் மங்கிய வெளிச்சத்திலும் சட்டென்று பிடித்துவிடும். ஆனால் படம் மணல் தூவியதுபோல் இருக்கும். நூறு வேக ஃபிலிமில் படம் வழுவழுவென்று வரும். ஆனால் இருட்டான இடத்தில் கேமராவின் ஷட்டரை அரை விநாடி திறந்துவைக்க வேண்டும். அதுவரை எந்த வாண்டு சும்மா இருக்கும்? அசைந்து, படம் கலங்கிவிடும். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ஒரு வாரம் அதிலும் ஒரு வாரம் இதிலுமாக, மாலை நாலு மணிக்குச் சிந்துவை இருட்டடைந்த மாடிப்படியில் உட்காரவைத்து எடுத்தாள். அந்தப் படிக்கட்டில் மட்டும் எந்நேரமும் சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய் வாடை.

குளியலறையிலேயே ஃபிலிம்களைக் கழுவிக் காயவைத்து, நெகட்டிவைப் போனில் படமாக மாற்றிப் பார்த்தாள். நானூறில் சிந்து பளிச்சென்று இருந்தாள். படிகள் காலி.

நூறில் சிந்து கலங்கியிருந்தாள். அது தெரிந்ததுதான்.

மேல்படியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

சிந்துவின் தலையில் அவள் கை. மூக்குத்தி, புடவையின் நூல் உட்பட எல்லாம் துல்லியம். மூச்சு விடுகிற உடம்பு இம்மியாவது அசையும். இவள் அசையவே இல்லை. போதாததற்கு, நாளுக்கு நாள் சிந்துவின் கலங்கலும் குறைந்துகொண்டே வந்திருந்தது.

மேனகா சிந்துவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“பாப்பா, படியில ஒம் பின்னாடி யாருடி இருந்தது?”

“அந்த அத்ததாம்மா.” சிந்து காதோடு கிசுகிசுத்தாள். “ஆடாம உக்கார சொல்லிக் குடுக்கறாங்க. மூச்ச அடக்கத்தான் இன்னும் வரல. போவப் போவ வந்துடுமாம்.”

கட்டிய துணியோடு, சிந்துவையும் கேமராப் பையையும் மட்டும் தூக்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்துச் சாரம் பகுதியிலிருந்த அக்கா கலைமகள் வீட்டுக்கு ஓடினாள் மேனகா. மூன்று நாள் சிந்து அக்கா பிள்ளைகளோடு ஓடினாள், விழுந்தாள், சிரித்தாள். தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்தால் மூச்சு சூடாக வந்தது. அப்பாடா!

“மனசு கேக்கலன்னா ஒரு படம் எடுத்துப் பாத்துடுடி,” என்றாள் கலைமகள்.

பையில் கிடந்த இன்னொரு நூறு ஃபிலிமை மாட்டினாள். விளக்கு வைக்கும் நேரம். ஹாலில் மூன்று பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அரை விநாடி.

பையிலேயே இருந்த மருந்தில் கழுவி எடுத்து, குளியலறை விளக்கில் தூக்கிப் பிடித்தாள். அக்கா பிள்ளைகள் இரண்டும் கலங்கியிருந்தன. பின்னால் யாரும் இல்லை. சாமி, காப்பாத்திட்டே என்று கண் கலங்கினாள்.

பிறகுதான் நடுவில் இருந்த சிந்துவைப் பார்த்தாள்.

துளிக் கலங்கல் இல்லை; இமை மயிரை எண்ணலாம்போல் இருந்தது.

ஈர ஃபிலிமை இன்னும் விளக்கருகே கொண்டுபோனாள். எங்கிருந்தோ தேங்காயெண்ணெய் வாடை வந்தது. கதவோரம் சிந்துவின் மெல்லிய குரல்.

“இப்ப சரியா வந்துடுச்சாம்மா?”